பிணைப்பில் இருக்கிறது ஆயுள்

1965 ஆகஸ்ட் 21 அன்று கார்டன் கூப்பர், பீட் கான்ராட் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஜெமினி 5 விண்கலம் புறப்பட்டது. எட்டு நாள் பயணம். அத்தனை நாளுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சாதாரண மின்கலங்களில் நிரப்பிக்கொண்டு போனால் எடை தாங்காது. அதனால் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் உருவாக்கிய எரிபொருள் மின்கலத்தைப் பொருத்தினார்கள். மனிதர் சென்ற விண்கலத்துக்கு மின்சாரம் தந்த முதல் எரிபொருள் மின்கலம் அதுதான். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அதற்குள் போயின. மின்சாரமும் தண்ணீரும் வெளியே வந்தன.

அந்தக் கலத்தின் நடுவில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் சவ்வு. சல்போனேற்றம் செய்த பாலிஸ்டைரீனால் ஆனது. எட்டு நாள் பயணத்துக்கு அது தாக்குப்பிடித்தது. நெடுங்காலம் ஓட வேண்டிய கலத்துக்கு அது ஏற்றதாக இல்லை. கலத்துக்குள் உண்டாகும் வேதிப்பொருள்களே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்தன. 1960களின் பிற்பகுதியில் டூபாண்ட் நிறுவனத்தின் வால்டர் குரோட் நாஃபியான் என்ற ஃபுளூரின் பாலிமரை உருவாக்கினார். அது வந்ததும் பாலிஸ்டைரீன் ஓரங்கட்டப்பட்டது.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு, தள்ளிவைத்த அதே பாலிஸ்டைரீனைச் சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். இம்முறை அதை வலுவான வேறொரு பிளாஸ்டிக் படலத்துக்குள் கதிர்வீச்சின் உதவியால் வளர்த்தார்கள். வளர்த்த மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்தார்கள். அந்தப் பிணைப்புதான் சவ்வின் ஆயுளைத் தீர்மானித்தது.

சவ்வு செய்ய வேண்டிய வேலை

எரிபொருள் மின்கலத்தின் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வருகிறது. அங்கே பூசியிருக்கும் பிளாட்டினத் துகள்களின் மேல் அது எலக்ட்ரானாகவும் புரோட்டானாகவும் பிரிகிறது. எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே சுற்றிப்போய் மோட்டாரை ஓட்டுகின்றன. புரோட்டான்கள் சவ்வைக் கடந்து மறுபக்கம் போகின்றன. அங்கே ஆக்சிஜனோடும் சுற்றி வந்த எலக்ட்ரான்களோடும் சேர்ந்து தண்ணீராகின்றன. சுமை ஏற்றிய நிலையில் ஒரு கலம் தருவது ஏறத்தாழ 0.7 வோல்ட்தான். ஒரு காரை ஓட்ட நூற்றுக்கணக்கான கலங்களை அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு சவ்வு. அவற்றில் ஒன்றே ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மொத்த அடுக்கையும் நிறுத்த வேண்டியதுதான்.

ஆகவே சவ்வின் வேலை கடினமானது. புரோட்டானை விட வேண்டும், எலக்ட்ரானை விடக்கூடாது, இரு பக்கத்து வாயுக்களும் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புரோட்டான் கடப்பதற்குச் சவ்வில் சல்போனிக் அமிலத் தொகுதிகள் வேண்டும், அவற்றைச் சுற்றித் தண்ணீரும் வேண்டும். ஒரு நீர் மூலக்கூறிலிருந்து இன்னொன்றுக்கு என்று கைமாறித்தான் புரோட்டான் நகர்கிறது.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. அமிலத் தொகுதி கூடினால் சவ்வு அதிகத் தண்ணீரை உறிஞ்சும், மின்கடத்தல் கூடும். தண்ணீர் கூடினால் சவ்வு உப்பும், வலு குறையும், வாயு கசியும். கலம் ஓடும்போது ஈரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் சவ்வு உப்பிச் சுருங்கும். அந்த அலைச்சலில் விளிம்புகளில் விரிசல் காணும்.

நாஃபியானில் முதுகெலும்புச் சங்கிலி டெஃப்லானை ஒத்தது. அதிலிருந்து கிளைத்த பக்கச் சங்கிலிகளின் நுனியில் சல்போனிக் அமிலம் இருக்கிறது. ஃபுளூரின் அணுக்கள் சங்கிலியைக் காப்பதால் அது நீண்ட காலம் உழைக்கிறது. ஆனால் அதைத் தயாரிக்கப் பல படிகள் கொண்ட, கவனமாகக் கையாள வேண்டிய ஃபுளூரின் வேதியியல் தேவை. அதனால் விலை அதிகம். கடையில் சுருள் சுருளாகக் கிடைக்கும் ஒரு மலிவான படலத்தை எடுத்து, அதற்குள் அமிலத் தொகுதிகளைக் குடியேற்ற முடியாதா? கதிர்வீச்சு ஒட்டு முறை இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று.

உடைக்கும் கதிர், பிணைக்கும் கதிர்

கதிர்வீச்சு பட்டால் பிளாஸ்டிக் கெட்டுப்போகும் என்று பொதுவாக நினைக்கிறோம். பல பிளாஸ்டிக்குகளுக்கு அது உண்மையும்கூட. ஆனால் 1952-இல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆய்வு மையத்தில் ஆர்தர் சார்ல்ஸ்பி இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார். கதிர் பட்ட பாலிஎத்திலீனின் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, பொருள் முன்பைவிட வெப்பம் தாங்குவதாக மாறியிருந்தது. இன்று மின்கம்பிகளின் காப்புறை முதல் சூடுபட்டால் சுருங்கும் குழாய்கள் வரை பலவும் இந்த முறையில் தயாராகின்றன. அதே 1950களில் பிரான்சில் அடோல்ஃப் ஷாப்பிரோ, கதிர்வீச்சைக் கொண்டு ஒரு பாலிமரின் மேல் இன்னொரு பாலிமரை வளர்க்கும் வழியை விரிவாக ஆராய்ந்தார்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. வேகமான எலக்ட்ரானோ கோபால்ட் 60 வெளியிடும் காமா கதிரோ பாலிமருக்குள் நுழையும்போது சில பிணைப்புகள் அறுகின்றன. அறுந்த இடத்தில் இணை சேராத ஓர் எலக்ட்ரானுடன் ஒரு முனை நிற்கிறது. வேதியியலில் இதைத் தனி உறுப்பு என்பார்கள். அது சும்மா இருக்காது. பக்கத்துச் சங்கிலியின் தனி உறுப்போடு சேர்ந்தால் குறுக்குப் பிணைப்பு. ஆக்சிஜனைப் பிடித்தால் பெராக்சைடு. அருகில் ஸ்டைரீன் மூலக்கூறு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு புதிய சங்கிலியாக வளரத் தொடங்கும்.

இதற்கு எவ்வளவு கதிர் தேவை? கிரே என்பது ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கொள்ளும் அளவு. ஊசிக் குழல் போன்ற மருத்துவப் பொருள்களைக் கிருமிநீக்கம் செய்ய வழக்கமாகத் தரும் அளவு 25 கிலோகிரே. ஒட்டுச் சவ்வுக்கு 3 கிலோகிரேயிலேயே வேலை முடிவதுண்டு. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினாலும் படலம் மூன்று டிகிரிகூடச் சூடாகாது. இருந்தும், எண்ணற்ற சங்கிலிகள் முளைப்பதற்குப் போதுமான இடங்களை அது படலம் முழுக்கத் திறந்துவிடுகிறது. வெப்பத்தாலோ வேதிப்பொருளாலோ இவ்வளவு சீராக, படலத்தின் உள்ளாழம் வரை இதைச் செய்வது கடினம். ஃபுளூரின் பாலிமர்கள் வேறு எதற்கும் எளிதில் இடம் கொடுக்காதவை.

ஒட்டு வளரும் விதம்

சுவிட்சர்லாந்தில், ஆரே ஆற்றங்கரையில் வில்லிகன் என்னும் ஊரில் இருக்கிறது பால் ஷெரர் ஆய்வகம். குந்தர் ஷெரர், ஃபெலிக்ஸ் பூகி, இந்தியாவிலிருந்து சென்ற புவனேஷ் குப்தா ஆகியோர் 1990களில் அங்கே இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள். பின்னர் லோரன்ஸ் குப்ளர் அதைத் தொடர்ந்தார். அவர்கள் அதிகம் கையாண்ட படலம் எஃப்.இ.பி. எனப்படும் ஃபுளூரின் பாலிமர். தடிமன் 25 மைக்ரான், அதாவது எழுதும் தாளின் தடிமனில் கால் பங்கு. நாஃபியான் 117 என்ற பழைய வகைச் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 180 மைக்ரான்.

எலக்ட்ரான் கற்றையின் கீழ் படலத்தைக் காற்றிலேயே காட்டுகிறார்கள். வெளியே எடுத்துப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. அதே தெளிவு, அதே மினுமினுப்பு. ஆனால் உள்ளே பெராக்சைடுகள் உருவாகியிருக்கும். சுழியத்துக்குக் கீழே 80 டிகிரி குளிரில் வைத்தால் அவை நெடுநாள் அப்படியே காத்திருக்கும். கதிர் காட்டுவது ஓர் ஊரிலும் ஒட்டு வளர்ப்பது வேறோர் ஊரிலும் என்று வேலையைப் பிரித்துக்கொள்ள இந்தக் குளிர்ச் சேமிப்பு வழிவிடுகிறது.

அடுத்தது கண்ணாடிக் கலன். ஸ்டைரீன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், தண்ணீர் கலந்த கலவையில் படலத்தை முக்குகிறார்கள். ஆக்சிஜன் இருந்தால் வளரும் சங்கிலி பாதியில் நின்றுவிடும் என்பதால் நைட்ரஜனைக் குமிழியிட்டு அதை விரட்டுகிறார்கள். வெப்பநிலையை 60 டிகிரிக்குக் கொண்டுபோனதும் பெராக்சைடுகள் பிளந்து ஒட்டு வளரத் தொடங்குகிறது.

வளர்ச்சி படலம் முழுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. எஃப்.இ.பி. படலம் ஸ்டைரீனை உள்ளே விடாது. எனவே முதலில் இரு மேற்பரப்புகளில் மட்டும் பாலிஸ்டைரீன் முளைக்கிறது. முளைத்த அந்த அடுக்கு ஸ்டைரீனை உறிஞ்சி உப்புகிறது. அதன் வழியே புதிய ஸ்டைரீன் இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது. இப்படி இரு பக்கமிருந்தும் இரு முனைகள் உள்நோக்கி நகர்ந்து நடுவில் சந்திக்கின்றன. சந்திப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? அமிலமேற்றிய சவ்வைக் குறுக்கே வெட்டி, கந்தகம் எங்கெங்கே இருக்கிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் விளங்கும். இரு ஓரங்களிலும் கந்தகப் பட்டை இருக்கும், நடுவில் வெறும் எஃப்.இ.பி. நிற்கும். அந்த நடுப்பகுதியைப் புரோட்டானால் தாண்ட முடியாது, சவ்வு பயன்படாது.

ஒட்டு போதுமான அளவு வளர்ந்துவிட்டதா என்பதை எடை சொல்லிவிடும். ஒட்டாமல் தங்கிய பாலிஸ்டைரீனைக் கழுவி நீக்கி, உலர்த்தி, நிறுத்துப் பார்க்கிறார்கள். ஒரு கிராம் படலம் 1.25 கிராமாகியிருந்தால் ஒட்டு அளவு 25 விழுக்காடு. அதன் பின் குளோரோசல்போனிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, வெந்நீரில் வைத்தெடுக்கும்போது ஒவ்வொரு பென்சீன் வளையத்திலும் ஏறத்தாழ ஒரு சல்போனிக் அமிலத் தொகுதி அமர்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.25 கிராம் பாலிஸ்டைரீனில் 2.4 மில்லிமோல் வளையங்கள் உண்டு. அமிலம் ஏறியபின் மொத்த எடை ஏறத்தாழ 1.44 கிராம். ஆக, ஒரு கிராம் சவ்வில் 1.6 மில்லிமோலுக்கு மேல் அமிலம். நாஃபியான் 117-இல் இது 0.9 மட்டுமே.

ஒட்டு மாங்கன்றில் வேரும் தண்டும் ஒரு மரத்தினுடையவை, பழம் இன்னொரு மரத்தினுடையது. இங்கேயும் வலுவையும் வேதி எதிர்ப்பையும் எஃப்.இ.பி. தருகிறது, மின்கடத்தலைப் பாலிஸ்டைரீன் தருகிறது.

இரு பக்கமும் பிடிக்கும் மூலக்கூறு

அமில அளவில் நாஃபியானை மிஞ்சியாகிவிட்டது. அப்படியிருந்தும் முதலில் செய்த சவ்வுகள் கலத்துக்குள் வெகு சீக்கிரமே வீணாயின. ஜெமினி காலத்துப் பழைய குறை மீண்டும் தலைதூக்கியது.

குறைக்குக் காரணம் இதுதான். சவ்வு எவ்வளவு தடுத்தாலும் கொஞ்சம் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கசிந்து கடக்கத்தான் செய்யும். பிளாட்டினத்தின் மேல் அவை சந்திக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும், ஹைட்ராக்சில் தனி உறுப்புகளும் உண்டாகின்றன. ஹைட்ராக்சில் தனி உறுப்பு தொட்டதைத் தாக்கக் கூடியது. பாலிஸ்டைரீன் சங்கிலியில் பென்சீன் வளையத்துக்கு அடுத்த கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. எளிதில் பறிபோகக் கூடியது. அது போனால் சங்கிலி அந்த இடத்தில் அறுபடும். அறுந்த துண்டு அமிலத் தொகுதியைச் சுமந்திருப்பதால் தண்ணீரில் கரையும். கலத்திலிருந்து வெளியேறும் தண்ணீரோடு சவ்வின் கடத்தும் பகுதியும் சிறுகச் சிறுக வெளியேறிவிடும்.

தீர்வாக வந்தது டைவினைல் பென்சீன். ஸ்டைரீனில் சங்கிலியோடு சேரக்கூடிய இரட்டைப் பிணைப்பு ஒன்று. டைவினைல் பென்சீனில் இரண்டு. ஒன்றால் ஒரு சங்கிலியிலும் மற்றொன்றால் பக்கத்துச் சங்கிலியிலும் சேர்ந்துகொண்டு இரண்டையும் இறுக்கிவிடுகிறது. ஒட்டுக் கலவையில் இதைச் சிறிதளவு சேர்த்தாலே சவ்வின் நடத்தை மாறுகிறது. பிணைத்த வலை அதிகம் உப்பாது. வாயுக் கசிவு குறையும். கசிவு குறைந்தால் தாக்கும் தனி உறுப்புகளும் குறையும். ஓர் இடத்தில் அறுந்தாலும் சங்கிலி வேறிடத்தில் கட்டுண்டு இருப்பதால் துண்டு எளிதில் கழன்று ஓடிவிடாது.

சரி, டைவினைல் பென்சீனைத் தாராளமாகச் சேர்த்துவிடலாமே என்றால், முடியாது. பிணைப்பு கூடக் கூடச் சவ்வு நீரை ஏற்கும் அளவு குறைகிறது, மின்கடத்தலும் இறங்குகிறது. சவ்வு முறுகலாகி, மடக்கினால் உடையத் தொடங்குகிறது. இறுகிய வலைக்குள் ஸ்டைரீன் நுழையத் திணறுவதால் ஒட்டு வளர்ச்சியும் மந்தமாகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. டைவினைல் பென்சீன் ஸ்டைரீனைவிடச் சுறுசுறுப்பாக வினைபுரிவது. அதனால் மேற்பரப்பை ஒட்டிய பகுதி அதிகம் இறுகி, நடுப்பகுதி குறைவாகப் பிணைந்திருக்கும். புரோட்டான் நுழைய வேண்டிய வாசலே இறுகிவிட்டால் பிளாட்டினம் பூசிய மின்முனையோடு சவ்வு சேரும் இடத்தில் தடை கூடும்.

ஆகவே இந்த ஆய்வின் பெரும்பகுதி சரியான அளவைத் தேடுவதிலேயே கழிந்தது. கலவையின் கரைப்பானை மாற்றி, ஒட்டு வேகமாக வளர வழிசெய்தார்கள். வேகம் கூடியதும் கதிரின் அளவைக் குறைக்க முடிந்தது. கதிர் குறைந்ததும் அடிப்படைப் படலத்தின் வலு காப்பாற்றப்பட்டது. ஒன்றைத் தொட்டால் மற்றவை எல்லாம் அசையும் வேலை இது. இறுதியில், சரியான அளவில் பிணைத்த எஃப்.இ.பி. சவ்வுகள் 80 டிகிரி அளவிலான வெப்பநிலையில் 4000 மணி நேரத்துக்கும் மேல் ஓடின. பயணிகள் காருக்கு அமெரிக்க எரிசக்தித் துறை வகுத்திருந்த இலக்கு 5000 மணி. தள்ளிவைக்கப்பட்ட பாலிஸ்டைரீன் அந்த இலக்கை நெருங்கி வந்துவிட்டது.

பலவீனமான அந்த ஹைட்ரஜனையே எடுத்துவிட்டால் என்ன என்றும் யோசித்தார்கள். ஆல்ஃபா மெதில் ஸ்டைரீனில் அந்த இடத்தில் ஹைட்ரஜனுக்குப் பதில் மெதில் தொகுதி இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ 60 டிகிரிக்கு மேல் அது தனியாக நீண்ட சங்கிலியாக வளர மறுக்கிறது. மெதக்ரைலோநைட்ரைல் என்ற துணையைச் சேர்த்ததும் வளர்ந்தது. தாக்குதலையும் கூடுதலாகத் தாங்கியது. அங்கேயும் குறுக்குப் பிணைப்பு தேவைப்படவே செய்தது.

டகசாகியின் வழி

ஜப்பானின் குன்மா மாகாணத்தில் உள்ள டகசாகி, 1963 முதல் கதிர்வீச்சு வேதியியல் ஆய்வுக்குப் பேர்போன இடம். அங்கே சவ்வின் ஆயுளைக் கூட்டும் கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகினார்கள்: ஒட்டைப் பிணைப்பது இருக்கட்டும், அடிப்படைப் படலத்தையே பிணைத்தால் என்ன?

டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.இ., அறை வெப்பநிலையில் கதிர்வீச்சைத் துளியும் தாங்காது. சங்கிலிகள் அறுந்து பொடியாகிவிடும். ஆனால் அதன் உருகுநிலையான 327 டிகிரியைச் சற்றே தாண்டிய வெப்பத்தில், ஆக்சிஜன் இல்லாமல் கதிர் காட்டினால் கதையே மாறுகிறது. உருகிய நிலையில் சங்கிலிகள் நகர முடிவதால், அறுந்த முனைகள் பக்கத்துச் சங்கிலிகளைத் தேடிச் சேர்ந்துவிடுகின்றன. 1990களில் நிலைநாட்டப்பட்ட இந்தக் கண்டுபிடிப்பு, கதிரைத் தாங்கும் டெஃப்லானைத் தந்தது. அந்தப் பிணைத்த படலத்துக்கு மறுபடி கதிர் காட்டி, ஸ்டைரீனை ஒட்டி, சல்போனேற்றம் செய்து எரிபொருள் மின்கலச் சவ்வுகளை உருவாக்கினார்கள். உடைப்பதும் பிணைப்பதும் ஒரே கதிர்தான். எது நடக்கும் என்பதை வெப்பநிலையும் ஆக்சிஜனும் முடிவுசெய்கின்றன.

இனி என்ன

இத்தனைக்குப் பிறகும் இன்றைய ஹைட்ரஜன் கார்களில் இருப்பவை நாஃபியான் குடும்பத்துச் சவ்வுகளே. கதிர்வீச்சு முறை முன்னேறிய அதே காலத்தில் அவையும் முன்னேறின. வலுவூட்டும் வலையை உள்ளே வைத்துப் பத்துப் பதினைந்து மைக்ரான் அளவுக்கு மெலிந்தன.

ஆனாலும் ஒட்டு முறையின் காலம் முடிந்துவிடவில்லை. அழியாமல் சூழலில் தங்கும் ஃபுளூரின் சேர்மங்களைக் கட்டுப்படுத்த 2023 ஜனவரியில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்மொழிவு தந்தன. ஃபுளூரின் இல்லாத சவ்வுக்கான தேடல் அதனால் சூடுபிடித்திருக்கிறது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் ஜான் வார்கோவின் குழு, பால் பாக்கெட்டுக்கும் குடத்துக்கும் பயன்படும் பாலிஎத்திலீன் குடும்பத்துப் படலங்களை எலக்ட்ரான் கற்றையில் காட்டி, ஒட்டு வளர்த்து, கார வகை எரிபொருள் மின்கலத்துக்கான சவ்வுகளைச் செய்தது. புரோட்டானுக்குப் பதில் ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் சவ்வுகள் இவை. ஆய்வகக் கலங்களில் இவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 வாட்டுக்கும் மேல் திறன் தந்தன. கார வகைக் கலங்களில் பிளாட்டினத்தைத் தவிர்க்கவும் வாய்ப்பு இருக்கிறது.

இந்தியாவுக்கும் இதில் இடம் உண்டு. மும்பையின் டிராம்பேயில் 1974 முதலே கதிர்வீச்சால் மருத்துவப் பொருள்களைக் கிருமிநீக்கும் ஆலை இயங்கியது. கதிர்வீச்சுத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதல்ல. 2023-இல் 19,744 கோடி ரூபாய் மதிப்பில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டமும் ஒப்புதல் பெற்றது. ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் கருவியாகட்டும், அதை மின்சாரமாக்கும் கலமாகட்டும், இரண்டிலும் சவ்வு வேண்டும். அடிப்படைப் படலமும் எலக்ட்ரான் கற்றையும் ஸ்டைரீனும் கைக்கெட்டும் பொருள்கள்.

கைக்கு எளிதில் எட்டாதது காலம். புதிய சவ்வு ஒன்று வந்ததும் அதன் மின்கடத்தலை ஒரே நாளில் அளந்து சொல்லிவிடலாம். செய்தியாகவும் அது நன்றாக இருக்கும். அது எத்தனை மணி நேரம் ஓடும் என்று அறிய அத்தனை மணி நேரம் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். 4000 மணி என்பது ஐந்தரை மாதம், ஒரே ஒரு சவ்வுக்கு. பிணைப்பின் அளவைச் சற்று மாற்றினால் மறுபடி ஐந்தரை மாதம். வில்லிகனில் நடந்தது அப்படிப்பட்ட உழைப்பு. பாலிஸ்டைரீனை மீட்டதும் அதுதான். ஆகவே சவ்வு ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் மின்கடத்தல் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாமல், எந்த வெப்பநிலையில், ஈரம் ஏறி இறங்கும் சூழலில் எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் கேட்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆகும் மாதங்களுக்கும் சேர்த்தே நிதி தர வேண்டும்.